மணவாளக்குறிச்சி மணலில் உருகிய கனெக்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த 1/10 அளவு மின்சார ரேடியோ கண்ட்ரோல் கார் ஒன்று ஏழாவது நிமிடத்தில் நின்றுபோனது. கார் என் அக்கா மகனுடையது. மெதுவாக ஓட்டினால் ஓடியது. விசையை முழுவதும் அழுத்தியவுடன் ஒரு குலுங்கு குலுங்கி நின்று, முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக நடுங்கி, இரண்டு விநாடி கழித்துத் தானாகவே உயிர் பெற்றது. மூன்று முறை இப்படி நடந்த பிறகு அவன் காரைத் தூக்கி மேல்மூடியைக் கழற்றினான். "மாமா, ஒயரத் தொட முடியல்ல, சுடுது" என்றான். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மோட்டாரும் அப்படியே. சூடு முழுவதும், பேட்டரிக்கும் ஈஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்படுத்திக்கும் இடையில் இருந்த ஒரு விரற்கடை நீளச் சிவப்புப் பிளாஸ்டிக் கனெக்டரில், அதாவது ஒயர்களைச் செருகி இணைக்கும் துண்டில், குவிந்திருந்தது.

அந்த ஒரு கனெக்டரை ஆராயப் போய், எங்கள் சிறு குழுவிடம் உள்ள மூன்று கார்களுக்கும் பேட்டரிக் கனெக்டர்களைப் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. கனெக்டரின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்குவது கடலோர மாவட்டத்தில் ஏன் போதாது என்பதை அளவெடுத்துப் பார்த்தே அறிந்துகொண்டோம் என்பதால், நடந்ததை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

காரின் முன்கதை

கார் புதிதாக வந்தபோது அதில் கார்பன் பிரஷ் கொண்ட 540 வகை மோட்டாரும், 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியும், வெள்ளை நைலான் உறையில் டாமியா வகைக் கனெக்டரும் இருந்தன. அந்த அமைப்பில் எந்தக் குறையும் இல்லை. பிறகு வேகம் வேண்டும் என்று பிரஷ் இல்லாத 3300 கேவி (சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3300 சுற்று) மோட்டாரும், 60 ஆம்பியர் தாங்கும் ஈஎஸ்சி ஒன்றும் பழையதாக வாங்கிப் பொருத்தினான். அந்த ஈஎஸ்சியில் பழைய உரிமையாளர் சால்டர் செய்த, அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைத்த, டி-பிளக் என்ற சிவப்புக் கனெக்டர் இருந்தது. புதிதாக வாங்கிய 5000 மில்லி ஆம்பியர் மணி, இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியிலோ எக்ஸ்டி60 என்ற மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தது. ஒன்றோடொன்று சேராத இந்த இரண்டையும் சேர்க்க, ஒரு முனையில் எக்ஸ்டி60ம் மறுமுனையில் டி-பிளக்கும் கொண்ட அடாப்டர் ஒன்றை வாங்கி நடுவில் போட்டான். மலிவான நகல் வகை அது. அதன் ஒயர் 16 கேஜ். பேட்டரியின் ஒயரோ 12 கேஜ். கேஜ் எண் கூடினால் ஒயர் மெலியும். மின்னோட்டம் முழுவதும் கடந்து போக வேண்டிய பாதையின் நடுவில் கழுத்து ஒடுங்கியிருந்தது என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

நின்றுபோன அன்று எல்லோருக்கும் முதலில் தோன்றியது பேட்டரி கெட்டுவிட்டது என்பதுதான். ஈஎஸ்சி தன் வேலையை நிறுத்துவது பெரும்பாலும் பேட்டரி மின்னழுத்தம் குறையும்போதுதான் என்பதால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. புதுப் பேட்டரிக்குப் பணம் அனுப்பும் நிலையில் இருந்தவனை, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி, காரையும் பேட்டரியையும் நாகர்கோவிலில் என் வீட்டு மேசைக்கு எடுத்து வந்தேன்.

மேசையில் அளந்தது

கனெக்டரின் மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பகுதியில் வைத்து அளக்க முடியாது. நாம் தேடுவது ஓர் ஓமின் ஆயிரத்தில் சில பங்கு. மீட்டரின் சொந்த ஒயரே அதைவிட அதிகத் தடை கொண்டது. அதற்குப் பதிலாக, தெரிந்த அளவு மின்னோட்டத்தைப் பாதையில் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் இருபுறமும் எத்தனை மில்லிவோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்ப்பதே சரியான வழி. மின்சுமைக்கு, நிஜக் காரில் போடும் 60/55 வாட் எச்4 ஹெட்லைட் பல்புகள் இரண்டை எடுத்து, இரண்டின் இரு இழைகளும் ஒருசேர எரியுமாறு இணைத்தேன். 12 வோல்ட்டுக்கான பல்புகள் 7.8 வோல்ட்டில் மங்கலாகத்தான் எரியும். ஆனாலும் நேர்மின்னோட்டக் கிளாம்ப் மீட்டர் 15 ஆம்பியர் காட்டியது. மீட்டரின் முனைகளில் தையல் ஊசியைக் கட்டி, ஒயரின் சிலிக்கான் உறைக்குள் செம்பு வரை குத்தி அளந்தேன்.

எக்ஸ்டி60 ஜோடியில் இரு முனைகளும் சேர்ந்து 21 மில்லிவோல்ட். அடாப்டரின் ஒல்லி ஒயர்களில் 32. டி-பிளக்கின் நேர்முனையில் 19. அதே டி-பிளக்கின் எதிர்முனையில் 186. கூட்டினால் 258 மில்லிவோல்ட், அதாவது ஏறத்தாழ 17 மில்லி ஓம். ஒரே பிளக்கின் இரண்டு முனைகளுக்குள் இத்தனை வேறுபாடு இருந்ததைப் பார்த்தவுடனேயே, குற்றம் டி-பிளக் என்ற வகையின் மீது அல்ல, இந்த ஒரு முனையின் மீது என்பது தெளிவாயிற்று.

15 ஆம்பியரில் கால் வோல்ட் என்றால், மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 1.03 வோல்ட். ஏழாவது நிமிடத்தில் பேட்டரி சும்மா இருக்கும்போது 7.8 வோல்ட் இருந்திருக்கும் என்று கொள்வோம். சார்ஜர் காட்டிய கணக்கில் ஒவ்வொரு செல்லின் உள்தடை ஏறக்குறைய 5 மில்லி ஓம். 60 ஆம்பியரில் அதற்கு 0.6 வோல்ட் போகும். மீதம் 7.2. அதிலிருந்து கனெக்டர் பாதை தின்ற 1.03ஐக் கழித்தால் ஈஎஸ்சிக்குக் கிடைத்தது 6.2 வோல்ட்டுக்குக் கீழே. அந்த ஈஎஸ்சியின் வெட்டு மின்னழுத்தம், அதாவது அதற்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்திவிடும் அளவு, செல்லுக்கு 3.2, அதாவது இரண்டு செல்லுக்கு 6.4 வோல்ட் என்று அமைக்கப்பட்டிருந்தது. பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்கும்போதே, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஈஎஸ்சி முடிவு கட்டியதற்குக் காரணம் இதுவே. இணைப்பு அந்த நேரத்தில் விட்டு விட்டுத் தொட்டதால் ரிசீவருக்கும், முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் செர்வோவுக்கும் போகும் மின்னழுத்தமும் சேர்ந்து தடுமாறியிருக்கிறது. சக்கரங்கள் நடுங்கியது அதனால்தான்.

வெப்பக் கணக்கு இன்னும் கடுமையானது. மின்தடையில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். எதிர்முனையின் 12.4 மில்லி ஓமில் 60 ஆம்பியர் பாய்ந்தால் எழுவது சுமார் 45 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றின் வெப்பம் அது, ஒரு பட்டாணி அளவு இடத்துக்குள். 60 ஆம்பியர் கண நேரமே நீடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் 5000 மில்லி ஆம்பியர் மணிப் பேட்டரி 15 நிமிடத்தில் தீர்கிறது என்றால் சராசரி மின்னோட்டமே 20 ஆம்பியர். அதற்கே அந்த முனையில் இடைவிடாமல் 5 வாட் எழும். வர்க்கக் கணக்கு என்பதால், அவ்வப்போது வரும் பாய்ச்சல்கள் சராசரி காட்டுவதைவிட அதிகமாகச் சுட்டிருக்கும். பிளாஸ்டிக் இளகியதில் வியப்பில்லை.

உள்ளே கண்டது

டி-பிளக்கைப் பிரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். எதிர்முனைப் பக்கச் சிவப்புப் பிளாஸ்டிக் வீங்கி, தட்டையான உலோகத் தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டி-பிளக்கில் ஒரு பாதியில் தட்டைத் தகடும், மறுபாதியில் அதை அழுத்திப் பிடிக்கும் வில்தகடும் இருக்கும். இரண்டும் முகத்தோடு முகம் படிந்தால்தான் தொடுபரப்பு முழுமையாகக் கிடைக்கும். இங்கே தகடு சாய்ந்ததால் ஓர் ஓரம் மட்டுமே தொட்டிருந்தது. அந்த ஓரத்தில் பொன்முலாம் தேய்ந்து, விளிம்பில் பச்சை படிந்திருந்தது. வில்தகட்டின் அடியில் கருமணல் துகள்கள் ஆறேழு சிக்கியிருந்தன.

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கரையின் கருமணலில் இல்மனைட், மோனசைட் முதலிய கனிமங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தெடுக்கும் அருமணல் ஆலை அங்கேயே இயங்குகிறது. இல்மனைட் காந்தத்தால் ஈர்க்கப்படும் கனிமம். ஆலையிலும் காந்தத்தைக் கொண்டே அதைப் பிரிக்கிறார்கள். ஆகவே அங்கே ஓடும் எந்தக் காரின் மோட்டாரும், உள்ளிருக்கும் காந்தத்தால் அந்த மணலைத் தன்னிடம் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கனெக்டரில் காந்தம் இல்லை. எனினும் மோட்டாருக்கு அருகில் இருப்பதால் அதற்கும் பங்கு வந்துவிடுகிறது. கனமும் கடினமும் உள்ள அந்தத் துகள், ஒவ்வொரு முறை செருகிக் கழற்றும்போதும் மெல்லிய பொன்முலாமை உரசி எடுக்கிறது. உரசிய இடத்தில் உப்புக்காற்று தன் வேலையைத் தொடங்குகிறது. அந்தக் கரையில் இனி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்ததும் இதை வைத்துத்தான்.

அடுத்துப் பார்த்தது சால்டரை. எதிர்முனை ஈயம் பளபளப்பில்லாமல், மணல்மணலாக, தகட்டின் மேல் உருண்டு உட்கார்ந்திருந்தது. தகட்டோடு ஒட்டிப் பரவவில்லை. சூடு போதாத அயர்னில் வைத்த ஈயம் இப்படித்தான் இருக்கும். ஒயரின் உறையை ஒரு சென்டிமீட்டர் உரித்தபோது செம்பு இழைகள் கறுத்திருந்தன. இன்னும் உரித்தோம், மூன்று சென்டிமீட்டர் உள்ளேயும் கறுப்பு. சிலிக்கான் உறைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல உப்பீரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தன. இந்தக் கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது குளச்சலில் வள்ளங்களின் எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவர். கடல்நீரோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் அவருக்கு ஒயரைக் காட்டினேன். "பளபளன்னு செம்பு தெரியது வரைக்கும் வெட்டணும் மக்கா, இல்லேன்னா நீ எத வச்சாலும் நிக்காது" என்றார். ஈஎஸ்சியின் எதிர்முனை ஒயரில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டிய பிறகே நல்ல செம்பு கிடைத்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது

எங்களிடம் உள்ள மூன்று கார்களும் மூன்று விதம். என் அக்கா மகனின் கார் இரண்டு செல். சில சமயம் மூன்று செல்லிலும் ஓட்டுவான். இரணியலில் இருந்து வரும் நண்பரிடம் நான்கு செல்லில் ஓடும் 1/8 அளவு பக்கி (கரடுமுரடான தரையில் ஓடும் கார்) இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் இருப்பது இன்னும் பிரஷ் மோட்டாரில் ஓடும் பழைய கார்.

டாமியா வகையை முதலில் விலக்கினோம், சிறுவனின் காரைத் தவிர. அதன் தகடுகள் மெல்லிய உலோகத்தைச் சுருட்டிச் செய்தவை. 15 ஆம்பியர் அளவுக்கு உரியவை. 540 பிரஷ் மோட்டார் சமதரையில் ஓடுவதற்கு அது போதும். பத்து வயதுப் பிள்ளை தலைகீழாகச் செருக முடியாத அமைப்பும் கிளிக்கென்று பூட்டும் கொக்கியும் அதற்கு உண்டு. அந்தக் காரில் எதையும் மாற்றத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. மாற்றினால் அவன் அப்பா வாங்கித் தந்திருக்கும் மூன்று பேட்டரிகளையும் சார்ஜரையும் மாற்ற வேண்டும், அதனால் கிடைக்கும் பயன் ஒன்றுமில்லை.

டி-பிளக்கை விலக்கியது அதன் குணத்தால் அல்ல. அசல் டி-பிளக் மிகச் சிறியது, இறுக்கமானது, நல்ல மின்னோட்டம் தாங்குவது. ஆனால் சந்தையில் கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். அவற்றின் பிளாஸ்டிக் சால்டர் செய்யும் சூட்டிலேயே இளகித் தகடு சாய்ந்துவிடுகிறது, எங்களுடையது சாய்ந்ததுபோல. அசலுக்கும் நகலுக்கும் வேறுபாடு தெரியாமல் வாங்க வேண்டிய நிலையில் அந்த வகையையே தவிர்ப்பது நல்லது என்று கருதினேன்.

எக்ஸ்டி60, இசி3 இரண்டும் உள்ளே ஒன்றுதான்: 3.5 மில்லிமீட்டர் பொன்முலாம் பூசிய உருளை முனைகள். வேறுபாடு உறையில். இசி3 நீல உறை. முனையைத் தனியாகப் பிடித்து ஒயரில் சால்டர் செய்து, பிறகு உறைக்குள் தள்ளிப் பூட்ட வேண்டும். சால்டர் சூடு பிளாஸ்டிக்கைத் தொடாது என்பது பெரிய நன்மை. முழுவதும் தள்ளாமல் விட்டால் ஓடும்போது முனை பின்வாங்கும் என்பது குறை. எக்ஸ்டி60இல் முனைகள் உறைக்குள் வார்த்தே வருகின்றன. பின்வாங்காது, ஆனால் சால்டரைத் தாமதித்தால் உறை இளகும். இரண்டில் எதை எடுத்தாலும் தவறில்லை. நாங்கள் எக்ஸ்டி60ஐ எடுத்தது, ஏற்கனவே ஒரு பேட்டரியில் அது இருந்ததாலும், டிரோன் செய்பவர்கள் பரவலாகப் பயன்படுத்துவதால் எளிதில் கிடைப்பதாலும், அசலில் உற்பத்தியாளரான ஆமாஸ் என்ற பெயர் உறையிலேயே வார்க்கப்பட்டிருப்பதாலும்தான்.

எக்ஸ்டி60 என்ற பெயரில் உள்ள 60, கண நேரப் பாய்ச்சலுக்கு உரியது. தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்துக்கு உற்பத்தியாளர் தரும் அளவு 30 ஆம்பியர்தான். பெயரில் உள்ள எண்ணையே வரம்பாகக் கொள்பவர்கள் பலர். எங்கள் காரின் சராசரி 20 ஆம்பியர் என்பதால் அது பொருந்தியது. நான்கு செல் பக்கிக்கு 4.5 மில்லிமீட்டர் முனை கொண்ட எக்ஸ்டி90 வகையை எடுத்தோம், அதிலும் தீப்பொறி தடுக்கும் பச்சை வளையம் உள்ளதை. ஈஎஸ்சியின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள், செருகிய கணத்தில் மின்சாரத்தை ஒரேயடியாக உறிஞ்சும். இரண்டு செல்லில் மெல்லிய 'டிக்' என்ற ஒலியோடு போய்விடுவது நான்கு செல்லில் தீப்பொறியாக வந்து முனையின் நுனியைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும். பச்சை வளைய வகையில், முதலில் தொடும் இடத்தில் ஒரு சிறு மின்தடை வைத்திருக்கிறார்கள். கெப்பாசிட்டர் அதன் வழியே நிதானமாக நிரம்பிய பிறகே முனைகள் முழுமையாகச் சேர்கின்றன. அரித்த நுனிதான் உப்புக்காற்றுக்கு வாசல் என்பதால், நம் ஊரில் அந்தக் கூடுதல் விலை தகும்.

அடாப்டர்களை ஓடும் பாதையிலிருந்து முற்றாக நீக்கினோம். சார்ஜ் செய்யும்போது மட்டும் ஒன்றை அனுமதித்தேன்: 5 ஆம்பியரில் சார்ஜ் செய்தால், மோசமான அந்தப் பழைய அடாப்டர் பாதையிலேகூட எழும் வெப்பம் அரை வாட்டுக்கும் குறைவு.

மாற்றிய விதம்

60 வாட் அயர்ன், உளிபோல அகன்ற முனை, 63/37 ஈயம் (வெள்ளீயமும் காரீயமும் கலந்தது), ரோசின் பசை. இந்த ஈயம் 183 பாகையில் உருகும். அதற்குச் சிறிய அயர்ன் போதுமே என்று தோன்றும், ஆனால் 12 கேஜ் செம்பு ஒயர் சூட்டை உறிஞ்சி ஓட்டிவிடுவதால், சிறிய அயர்னை நெடுநேரம் வைத்திருக்க நேர்ந்து பிளாஸ்டிக்தான் உருகும். பெரிய அயர்னில் நான்கைந்து விநாடியில் முடிப்பதே கனெக்டருக்குப் பாதுகாப்பு. சால்டர் செய்யும்போது கனெக்டரின் மறுபாதியை அதில் செருகியே வைத்திருந்தோம். உறை சற்று இளகினாலும் முனைகள் நேராக நிற்கும், சூட்டின் ஒரு பகுதியும் மறுபாதிக்குப் போய்விடும்.

பேட்டரிப் பக்கம் வேலை செய்யும்போது ஒரு நேரத்தில் ஓர் ஒயரை மட்டுமே வெட்ட வேண்டும். சிவப்பை வெட்டி, சால்டர் செய்து, சுருங்கு குழாய் போட்டு மூடிய பிறகே கறுப்பைத் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு கட்டிங் பிளேயரால் வெட்டினால், அந்தப் பிளேயரே இரு முனைகளையும் இணைத்துவிடும். லிப்போவின் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்திருந்தோம். பேட்டரிக்கு எப்போதும், உலோகம் உள்ளே மறைந்திருக்கும் குழிப்பக்கமே வர வேண்டும், ஊசிப்பக்கம் ஈஎஸ்சிக்கு. உறையில் வார்த்திருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளை அவன் வாய்விட்டுப் படித்த பிறகே ஒவ்வொரு முனையிலும் ஈயம் வைத்தேன், ஏனெனில் தலைகீழாகிப் போனால் ஈஎஸ்சி அந்த நொடியே போய்விடும்.

சார்ஜர் ஒயரையும் புதிதாகச் செய்தோம். அதில் ஒரு பழக்கத்தை வற்புறுத்துகிறேன்: அந்த ஒயரின் மறுமுனையில் உள்ள வாழைப்பழ பிளக்குகளை (பனானா பிளக்) முதலில் சார்ஜரில் செருக வேண்டும், பேட்டரியைப் பிறகு. முறை மாறினால், மூடியில்லாத அந்த இரு பிளக்குகளும் மேசையில் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்கிணைப்பு ஆகலாம்.

பிறகு அளந்தவை

மாற்றிய அன்று அதே பல்புகள், அதே 15 ஆம்பியர்: இரு முனைகளும் சேர்த்து 19 மில்லிவோல்ட். 60 ஆம்பியருக்குக் கணக்கிட்டால் இழப்பு 0.08 வோல்ட்டுக்குள், வெப்பம் 5 வாட்டுக்குள். கெட்டுவிட்டது என்று தூக்கியெறிய இருந்த அதே பேட்டரியில் கார் 14 நிமிடம் ஓடியது; கனெக்டரை விரல்களால் இறுகப் பிடிக்க முடிந்தது.

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களைப் போலன்றி, நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் நன்றாக உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழைக்கும் தாங்குகிறதா என்பதே உண்மையான சோதனை என்பதால் ஆடி முடிவில் ஒரு முறையும், கார்த்திகை முடிவில் ஒரு முறையும் எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். என் அக்கா மகனின் காரின் கனெக்டரும், அவனுடைய மூன்று பேட்டரிகளில் இரண்டும் 24 மில்லிவோல்ட்டுக்குள் நின்றன. மூன்றாவது பேட்டரி மட்டும் கார்த்திகையில் 41 காட்டியது. ஜன்னலோரத்தில், கனெக்டருக்கு மூடி போடாமல் இரண்டு மாதம் கிடந்த பேட்டரி அது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியைப் பல்குத்தியில் சுற்றிக் குழிகளைத் துடைத்து, ஈஎஸ்சிப் பக்க ஊசிகளின் நான்கு பிளவுகளையும் சவரக் கத்தியின் நுனியால் மயிரிழை அளவு விரித்த பிறகு 26க்கு இறங்கியது.

இப்போது எல்லாப் பேட்டரிகளும், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், ரப்பர் மூடி போட்ட கனெக்டரோடு, மூடி இறுகும் தகரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் இருக்கின்றன. மூன்றாவது பேட்டரியை மட்டும் மாதம் ஒருமுறை அளக்கிறேன். 30ஐத் தாண்டினால் அதன் கனெக்டரை வெட்டி மாற்றுவதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன்.